டெய்லரம்மா குடுத்துட்டுப் போன பச்சைத் துணி

இல்லீங்க டெய்லரம்மா, நீங்க செஞ்சது தப்புதான். வியாழக்கெழம வாங்க, பதில் சொல்றேன்னு துணிய வெட்டி கையில குடுத்துட்டு, புதன்கெழம காத்தாலயே கெளம்பிட்டா அது எந்த ஊரு நாயம்? "சொன்ன தேதி தவறியிருக்கனா நான்?"னு ஊருக்கே சவால் வுடுவீங்களே. இப்ப வுடுங்க பாக்கலாம்.

அன்னிக்கி காத்தால இஸ்திரிப் பொட்டியில கரி போட்டு விசிறிக்கினு இருந்தேன். ஷேர் ஆட்டோ முருகன் வண்டிய நிறுத்திட்டு எறங்காமயே சொன்னான். "பெருசு, டெய்லரம்மா போயிட்டாங்க."

"எங்க போனாங்க? கடயே இன்னும் தொறக்கலயே"ன்னேன் நக்கலா. அவன் சிரிக்கல. நெஞ்சு வலின்னு அவன் வண்டியிலதான் ஏத்தினாங்களாம். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்.

சரின்னேன். ஒரு வெள்ளச் சட்டய எடுத்து தேச்சேன், மடிச்சேன். பிரிச்சி திரும்ப தேச்சேன். மூணு வாட்டி ஆயிடுச்சி. அழுவ வரல. இத எழுதற வரைக்கும் வரல.

அவங்கள தெரியாதவங்களுக்கு சொல்றேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சந்துல லேடீஸ் டெய்லர் கட வெச்சிருந்தவங்க வசந்தா அம்மா. பக்கத்துல புங்க மரத்தடியில என் இஸ்திரி வண்டி. இருவத்திரண்டு வருசம். மொத நாளே சண்ட. என் கரிப் பொகை அவங்க வெள்ள லைனிங் துணி மேல போச்சாம். "துணிக்கி மை வெச்சேன், கண்ணு படாது"ன்னேன். இஞ்சி டேப்ப எடுத்து என் வண்டிக்கும் அவங்க வாசலுக்கும் நடுவுல அளந்து, சாக்பீசால கோடு போட்டாங்க. "இஸ்திரிக்காரரே, இத தாண்டி உங்க பொகையும் வரக்கூடாது, உங்க பேச்சும் வரக்கூடாது." பொகை நின்னுச்சி. பேச்சு நிக்கல.

ஜாக்கெட் தைக்க வர்ற பொண்ணுங்க ஜாக்கெட்டுக்கு மட்டும் வரல. அளவு எடுக்கறப்ப மனசுல இருக்கறதெல்லாம் கொட்டும்ங்க. ஒருத்தன் மெசேஜ் அனுப்பிக்கினே இருக்கறான், ஆமான்னு சொல்றதா? பிரண்டுன்னு நெனச்சவ பேசறத நிறுத்திட்டா, நானா போய் பேசறதா? மாமா பையன் வேணாம்னு வூட்டுல எப்பிடி சொல்றது? டெய்லரம்மா வாயில குண்டூசி கடிச்சிக்கினு எல்லாத்தையும் கேப்பாங்க. அன்னிக்கே எதுவும் சொல்ல மாட்டாங்க. தைக்க குடுத்தா ரசீதுல துணி வெட்டி பின் பண்ணி தேதி எழுதறாங்க இல்ல, அதே மாதிரி ஒரு துணித் துண்ட வெட்டி அந்தப் பொண்ணு கையில குடுப்பாங்க. "திங்கக்கெழம வா. பதில் ரெடியா இருக்கும்."

"வாய்ப் பேச்சுக்குமா டெலிவரி தேதி?"ன்னு கேட்டேன் ஒரு நாளு.

"இன்னிக்கே சொன்னா என் பேச்ச கேப்பா. நாலு நாள் போனா அவ மனசு சொல்றத அவளே கேட்டுட்டு வருவா. நான் கடசியில காஜா மட்டும் எடுத்தா போதும்"னாங்க.

பாதிப் பொண்ணுங்க தேதிக்கு வந்து, "வேணாம்க்கா, நானே முடிவு பண்ணிட்டேன்"னு துணிய திருப்பிக் குடுத்துட்டுப் போவும்.

அவங்களுக்கு வூட்டுக்காரரு கெடயாது. என்னா ஏதுன்னு நான் கேட்டதில்ல. கிண்டல் மட்டும் பண்ணுவேன். "ஊருக்கே காதல் யோசன சொல்றீங்களே, உங்களுக்கு?"

"என் ஜாக்கெட்ட நானேதான் தச்சிக்கறேன். முதுகு அளவுதான் எட்ட மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு மிஷின மிதிச்சாங்க.

அந்தப் பொண்ணுங்க சொல்ற பசங்களப் பத்தி மட்டும் என்கிட்ட விசாரிப்பாங்க. பசங்க சட்டயெல்லாம் என்கிட்டதான வருது. "அந்தப் பையன் சட்டய அவனே கொண்டாந்து குடுக்கறானா, அவங்க அம்மா கொண்டாராங்களா?" இது ஒண்ணுதான் கேள்வி. இதுலதான் நான் ஒரு வாட்டி வெளயாடிட்டேன். ஒரு பொண்ணுக்காக ஒரு பையனப் பத்தி கேட்டாங்க. நெசத்துல அவன் அம்மாதான் கொண்டாருவாங்க, அம்மாதான் வாங்கிக்கினும் போவாங்க. நான் சிரிப்புக்கு, "அவனா? அவனே கொண்டாந்து, பக்கத்துல நின்னு மடிப்பு சொல்லிக் குடுப்பான்"னுட்டேன். டெய்லரம்மா நம்பிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கும் நல்லபடியா சொல்லிட்டாங்க. நிச்சயம் ஆயிடுச்சி. அப்பறம் பாத்தா, அந்தப் பையன் எது கேட்டாலும் "அம்மாவ கேட்டு சொல்றேன்"னுவானாம். கல்யாணத்துக்கு இருவது நாளு இருக்கறப்ப அந்தப் பொண்ணு வந்து, தச்சி வெச்ச பச்சைப் பட்டு ஜாக்கெட் வேணாம்னு சொல்லிட்டுப் போச்சி.

நான் போய் நின்னேன். "வெளயாட்டுக்கு சொன்னேன் டெய்லரம்மா."

"வெளயாட்டு உங்களுது. அளவு அந்தப் பொண்ணுது." அவ்ளோதான். ஒரு மாசம் என்கிட்ட பேசல. அந்த ஜாக்கெட்டு ஆணியிலயே தொங்கிச்சி, என் வண்டியிலருந்து பாத்தா நேரா தெரியற மாதிரி.

இப்ப என் கதைக்கி வரேன். எங்கூட்டுக்காரி தவறிப் போயி எட்டு வருசம். வியாழக்கெழமன்னா வெள்ளிமலை பஸ்ல ஒரு அம்மா பலாச்சொளை விக்க வருவாங்க. தல நரைச்சி போச்சி, பேரு சின்னப்பொண்ணு. அந்தப் பேர வெச்சே ரெண்டு வருசம் ஓட்டினேன், அவங்களும் சிரிச்சாங்க. வித்து முடிச்சிட்டு திரும்பிப் போற பஸ் வர வரைக்கும் என் மரத்தடியிலதான் செங்கல்லு போட்டு ஒக்காருவாங்க. காலேஜ் பொண்ணுங்க பாத்துட்டு, "இன்னா தாத்தா, டேட்டிங்கா?"ன்னு கேட்டுட்டு ஓடும்ங்க. அந்த அம்மா இது வரைக்கும் என்ன அண்ணேன்னு கூப்டதில்ல. அது ஒண்ணுதான் எனக்கு தெம்பு.

போன சனிக்கெழம சாக்பீஸ் கோட்ட தாண்டி கடைக்கி உள்ள போனேன். "டெய்லரம்மா, சொல்றதா வேணாமா? இந்த வயசுல போயி கேட்டா, மலையில போயி சொல்லிச் சிரிப்பாங்களோ?" நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு தயாராத்தான் வந்தேன். நீங்க டேப்ப எடுத்து என் நெஞ்ச சுத்திப் போட்டீங்க. "மூச்ச வுடுங்க"ன்னீங்க. வுட்டேன். "வியாழக்கெழம மட்டும் உங்க சட்ட தேச்ச சட்டயா இருக்குது. மத்த நாளெல்லாம் கசங்கல். நான் பாத்துக்கினுதான இருக்கறேன்"னீங்க. பீரோவத் தொறந்து, அந்தப் பச்சைப் பட்டுல மிச்சம் இருந்த துணியில ஒரு துண்டு வெட்டிக் குடுத்தீங்க. "இந்த வாட்டி வெளயாட்டுக்கு பேசாதீங்க, இஸ்திரிக்காரரே. வியாழக்கெழம காத்தால வாங்க."

நேத்து வியாழக்கெழம. வந்தேன். கடைக்கி இல்ல, உங்க வூட்டுக்கு. கோடிப் பொடவ போத்தி படுக்க வெச்சிருந்தாங்க. கடயிலருந்து அப்பிடியே பிரிச்ச பொடவ, மடிப்புக் கோடு குறுக்கும் நெடுக்குமா தெரிஞ்சிது. எல்லாரும் அழுதுக்கினு இருந்தாங்க. நான் அந்தக் கோட்டயே பாத்துக்கினு நின்னேன். ஒரு தண்ணி தெளிச்சி ஒரு வாட்டி பொட்டி ஓட்டினா போயிடும்னு தோணிச்சி. வேற எதுவும் தோணல. இடுப்புல கொழந்தயோட வந்த ஒரு பொம்பள பர்சத் தொறந்து ஒரு ரோஸ் துணித் துண்ட உங்க கால்கிட்ட வெச்சிட்டுப் போனா. என் துண்ட நான் வெக்கல. பதில் வாங்காம எப்பிடி திருப்பிக் குடுக்கறது?

சுடுகாட்டுலருந்து வந்து குளிச்சேன். ஒரு சட்டய தேச்சிப் போட்டுக்கினு மரத்தடிக்கி போனேன். பொட்டியில நெருப்பு இல்ல. சின்னப்பொண்ணு அம்மா கூடைய எறக்கி வெச்சிட்டு, "கட இன்னா பூட்டிக் கெடக்குது?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். கரிப் பொகையிலருந்து ஆரம்பிச்சி, இந்த எழுத்துல இருக்கற எல்லாத்தையும் சொன்னேன். பச்சை ஜாக்கெட்டுக்கு நான் செஞ்ச வெனையையும் மறைக்கல. என் கத ஒண்ணத்தான் கடசிக்கி வெச்சிருந்தேன். அந்த அம்மா எழுந்தாங்க. ஒரு பலாச்சொளைய எடுத்து, டெய்லரம்மா வாசப்படியில வெச்சிட்டு வந்து ஒக்காந்தாங்க.

போயிட்டு வாங்க டெய்லரம்மா. உங்களுக்கு மாலை வாங்கியாந்தவங்க நெறைய பேரு. நான் வெறுங்கையோடதான் நின்னேன், மன்னிச்சிக்குங்க. ஆனா நீங்க சொன்னத கேட்டேன். வெளயாட்டுக்கு பேசல.

சட்டப் பாக்கெட்டுலருந்து துணிய எடுத்தேன். "இது எனக்கு குடுத்தது. எதுக்குன்னா"ன்னு ஆரம்பிச்சேன். வெள்ளிமலை பஸ் வந்து நின்னுடுச்சி. அந்த அம்மா எழுந்து சும்மாட்ட சுத்தி கூடைய தலையில வெச்சாங்க. என் கையில இருந்த துணிய ஒரு தரம் பாத்தாங்க, அப்பறம் என் சட்டய பாத்தாங்க.

"வர்ற வியாழக்கெழம சொல்லு"ன்னாங்க.

அண்ணேன்னு சொல்லல.

"இல்ல, ஒரே ஒரு வார்த்ததான், நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

அவங்க ரோட்ட தாண்டி நடந்துக்கினு இருந்தாங்க.