ஈடு ஊதாதவர்

ராஜபாளையம் பக்கத்துக் கால்பந்து நடுவர்களிடம், எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஒரு விதி புழக்கத்தில் உண்டு. அதற்குப் பெயர் ஈடு. முதல் பாதியில் ஓர் அணிக்கு எதிராகத் தப்பாக விசில் ஊதிவிட்டால், இரண்டாம் பாதியில் அவர்களுக்குச் சாதகமாக ஒன்றைத் தப்பாக ஊதிவிடுவது. சட்டை கிழியாமல் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஊரே ஒத்துக்கொண்ட இந்த ஏற்பாடு ஒரே ஒரு ஆளுக்குத்தான் ஒத்துவரவில்லை. பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் தறி பிட்டராக வேலை பார்க்கும் பீர் மைதீனுக்கு.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் விசில். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி, பிடிவாதம் மட்டும் நல்ல கனம். ஆட்டத்துக்கு முன்பு இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, எதற்கெல்லாம் ஊதுவேன் என்று சொல்லிவிடுவார். முதல் நிமிடத்தில் ஊதியதைக் கடைசி நிமிடத்திலும் ஊதுவார். "தறிய செட் பண்ணுத மாதிரில்லா ஆட்டத்தயும் செட் பண்ணுதாரு" என்று கேலி பேசுவார்கள். பேசியவர்களே அடுத்த போட்டிக்கு அவரைத்தான் தேடி வருவார்கள்.

போன பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியில்தான் அந்தப் பிடிவாதத்துக்குச் சோதனை வந்தது. ராஜபாளையம் அணியும் ஸ்ரீவில்லிபுத்தூர் அணியும் மோதின. ஸ்ரீவில்லிபுத்தூர் கேப்டன் நவாஸ், பீர் மைதீனின் மனைவி அசீனாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. இரண்டு வருடமாக இறுதிப் போட்டியில் தோற்றவன். இந்த முறை கோப்பையோடுதான் வருவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

பன்னிரண்டாவது நிமிடம். ராஜபாளையத்துப் பொன்னுராஜ், யாரும் தொடாமலே கோல் பக்கத்தில் விழுந்து உருண்டான். பெனால்டி கிடைக்கும் என்று அவன் நிமிர்ந்து பார்த்தபோது கிடைத்தது மஞ்சள் அட்டை. நடிப்புக்கு அதுதான் தண்டனை.

அரை மணி நேரம் ஆனபோது தப்பு நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தடுப்பாட்டக்காரன் ஜோயல் மேல் பந்து பட்டது. பின்னால் நின்ற பீர் மைதீனுக்குக் கையில் பட்டதாகத் தெரிந்தது. பெனால்டி கொடுத்தார், ராஜபாளையம் கோல் போட்டது. இடைவேளையில் ஜோயல் வந்து எதிரில் நின்றான். தண்ணீர் தெளித்த செம்மண் மைதானம். அவனுடைய வெள்ளைச் சட்டையில், நட்ட நடு நெஞ்சில், பந்து பதித்த சிவப்பு வட்டம். கைகளில் பொட்டு மண் இல்லை.

பீர் மைதீன் அந்த வட்டத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார்.

"நான் ஊதுனது தப்பு. என் தப்புதான். ஆனா கோலுக்குப் பொறவு ஆட்டம் தொடங்கிட்டதால கோல மாத்த ஏலாது."

இப்படி வாய்விட்டு ஒத்துக்கொண்டவர் ஈடு கொடுக்காமலா போவார்? இரண்டாம் பாதியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கோல் பக்கத்தில் காற்றடித்தாலும் விழுந்தார்கள். ராஜபாளையத்துக்காரர்களே ஒரு பெனால்டிக்கு மனசைத் தேற்றிக்கொண்டுதான் ஆடினார்கள். விசில் வரவில்லை.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். நவாஸ் பந்தோடு உள்ளே புகுந்து, தடுக்க வந்தவனைத் தாண்டும்போது தடாலென்று விழுந்தான். மைதானமே "பெனால்டி!" என்று கத்தியது. பீர் மைதீன் பக்கத்திலேயே நின்றிருந்தார். தடுத்தவன் காலுக்கும் நவாஸ் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஊதினால் அந்த நொடியே எல்லாம் சரியாகிவிடும். மைத்துனனுக்கு ஆறுதல், வீட்டில் நிம்மதி, எதிரணிகூட முணுமுணுக்காது. அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பொன்னுராஜ் அங்கே இடுப்பில் கைவைத்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பீர் மைதீன் விசிலை ஊதினார். சட்டைப் பையிலிருந்து எடுத்தது அதே மஞ்சள் அட்டை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தோற்றது. திரும்பும் பஸ்ஸில் அணி முழுவதும் பின்னால், அவர் தனியாக முன்னால். இறங்கும்போது நவாஸ் கேட்டான்.

"ஈடு குடுத்திருக்கலாமுல்லா மச்சான்?"

"ஜோயலுக்கு நான் பண்ணுனது கண்ணு பிசகுனதுல வந்தது மாப்ள. ஒனக்குக் குடுத்திருந்தா அது தெரிஞ்சே பண்ணுனதுல்லா?"

நவாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அசீனா, "எந்தம்பிக்கே மஞ்ச அட்டையா?" என்று கேட்டபடி சோற்றை வைத்தாள். அந்தக் கேள்வி ஒரு வாரம் ஓடியது. நவாஸ் மூன்று மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பீர் மைதீன் ராத்திரி தூங்கினாரா என்று கேட்டால், சரியாகத் தூங்கவில்லை. அவருக்கு நவாஸைப் பிடிக்கும்.

மே மாதம் அடுத்த போட்டி, இறுதியில் மறுபடி அதே இரண்டு அணிகள். போட்டி நடத்தும் குழுவைச் சேர்ந்த சங்கரலிங்கம் நவாஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "போன தடவ ஒங்களுக்குத் தப்பா ஊதுன ஆளு. ரெப்ரிய மாத்திருவமா?"

"வேண்டாம். அவியளையே போடுங்க."

"என்னப்பா, அம்புட்டு நடந்தும்?"

"மத்தவன் ஊதுனா எப்ப ஈடு குடுப்பான், யாருக்குக் குடுப்பான்னு பயந்துக்கிட்டே ஆடணும். மச்சான் ஊதுனா ஆட்டத்த மட்டும் பாத்தாப் போதும்."

அன்று கேப்டன்களைக் கூப்பிட்டுப் பீர் மைதீன் வழக்கம்போலச் சொல்லி முடித்தார். ஏதாவது கேட்கணுமா என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு நவாஸ் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"ஈடு உண்டா மச்சான்?"

"கிடையாது மாப்ள" என்றார். விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.