தட்டை உதைத்தவளும் போலீஸ் தொப்பியும்

எனக்கு எழுபத்து நாலு வயது. நான் பெற்றது ஐந்து, செத்துப்போன கொழுந்தனின் பிள்ளைகள் இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு பேரில் ஒருவர்கூட என் முன்னால் சாப்பாட்டைத் தட்டிவிட்டதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நடந்ததில் கோணல் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

என் கடைசி மகன் போலீஸ்காரன். அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஏழாவது படிக்கிறாள், இளையவளுக்கு நாலு வயது. இலஞ்சியில் என் வீட்டில்தான் எல்லோரும் இருக்கிறார்கள். மகன் டியூட்டிக்கும் மருமகள் தென்காசிக்கு வேலைக்கும் போய்விட்டால் அந்தச் சின்னக்குட்டி என் பொறுப்பு. பொறுப்பு மட்டும்தான், கண்டிக்கிற உரிமை கிடையாது. அதட்டினால் பிள்ளை மனசு சுருங்கிவிடுமாம். போனில் யாரோ ஒருத்தி பேசுவதைக் கேட்டுவிட்டு மருமகள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். அந்தப் போன்காரி எத்தனை பிள்ளைக்குக் குண்டி கழுவிவிட்டாள் என்று ஒருநாள் கேட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

இந்த அருவிச் சீசனுக்குக் கீழப்பாவூரிலிருந்து மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மாள் வந்திருந்தாள். ஐந்தருவியில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஈரத்துண்டுகளைக் கொடியில் போட்டுவிட்டு, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். சின்னக்குட்டி சோற்றைத் தொடவில்லை. அருவிக்கரையில் பார்த்த சிப்ஸ்தான் வேண்டுமாம். மருமகள் கெஞ்சினாள், கதை சொன்னாள், போனைக் காட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் சொல்லுகிறதைத்தான் நானும் சொன்னேன்.

“ஏட்டி, சோத்தத் திங்குதியா, போலீஸக் கூப்புடவா?”

ஏழு பேரையும் அந்த ஒரு சொல்லால்தான் அடக்கினேன். அதைக் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தவன்தான் இன்றைக்குக் காக்கிச் சட்டை போடுகிறான். சின்னக்குட்டி எழுந்து உள்ளே போனாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்பன் கழற்றி வைத்திருந்த தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

“போலீஸ் வந்தாச்சு ஆச்சி. ஒன்னயத்தான் பிடிக்கப் போறேன்.”

சம்பந்தியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மருமகளும் சிரித்தாள். என் மகன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் சின்னக்குட்டி தட்டை எட்டி உதைத்தாள். சோறும் குழம்பும் என் சேலை வரைக்கும் தெறித்தன.

மருமகள் கூட்டி அள்ள வாரியலை எடுத்தாள். நான் அதைப் பிடுங்கி என் காலடியில் போட்டுக்கொண்டேன். கொட்டினவள் அள்ளட்டும், அதுவரை யாரும் தொடக் கூடாது என்றேன். நாலு வயசுப் பிள்ளையிடம் என்ன வீம்பு என்று சம்பந்தியம்மாள் கேட்டாள். தன்னோடு அனுப்பினால் பாசமாக வளர்த்துக்கொள்வாளாம். மருமகள் மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் அங்கேயே சேர்த்துவிடலாம் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிள்ளையின் உடுப்பெல்லாம் பைக்குள் போக ஆரம்பித்தது.

பால்குடி மறந்ததிலிருந்து என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள் அவள். அவளை விட எனக்கு மனசில்லை என்பதை இவர்களிடம் காட்டிக்கொள்வேனா?

“கூட்டிட்டுப் போ. சோத்த அள்ளிட்டுப் போவட்டும்.”

ஊர்ச் சண்டையை விலக்குகிற என் மகன் என்னையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான். பிறகு எழுந்து, பிள்ளை தலையிலிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் செய்தது அவ்வளவுதான்.

சின்னக்குட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. குத்தவைத்துச் சோற்றை அள்ளத் தொடங்கினாள். நான் உதவிக்குப் போகவில்லை, மருமகளையும் விடவில்லை. அள்ளி முடித்துத் தட்டை என் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

“இந்தா, நீயே தின்னு. நான் எங்கயும் போவ மாட்டேன். ஒன்னய ஜெயில்ல போட்டுட்டுத்தான் போவேன்.”

சம்பந்தியம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். சின்னக்குட்டி கதவைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. சாயங்கால பஸ்ஸில் சம்பந்தியம்மாள் தனியாகத்தான் போனாள்.

நான் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினேன் என்று மருமகள் இப்போது போனில் ஊரெல்லாம் சொல்லுகிறாள். அவள் பக்கம் பேசப் போன் இருக்கிறது. என் பக்கத்தை நான் எழுதிவிட்டேன். மூத்தவளைக் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்திருக்கிறேன்.

“ஏட்டி, மொதல்லருந்து வாசி. எழுத்து தப்பா இருந்தா திருத்து, வேற எதையும் தொடாத. அடுப்படில ஒங்கம்ம நிக்கா. அவளுக்குக் கேக்குத மாதிரி வாசி.”