கியர் விழாத சனிக்கிழமைகள்

எங்கள் கார் வாரம் முழுக்கச் சாதுவாக இருக்கும். என் கணவர் அதில் ஆபீஸ் போவார், வருவார், ஒரு முணுமுணுப்பு இருக்காது. சனிக்கிழமை காலையில் நான் ஓட்டுவேன். மாமியார் பக்கத்தில் உட்காருவார். உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் போவோம். போகும்போதும் தொல்லை இல்லை. பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும்போதுதான் வண்டிக்கு என்னவோ ஆகிவிடும். கிளட்ச்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினால் விழாது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்தும். இன்ஜினை அணைத்து, கியரைப் போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒரு துள்ளு துள்ளிக்கொண்டு கிளம்பும்.

அதுவும் எல்லா வாரமும் இல்லை. சில வாரம் ஒழுங்காக வந்து என்னை நம்ப வைக்கும். நான் நிம்மதியானதும் அம்மா மண்டபம் ரோட்டில், பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காத நேரம் பார்த்து, மாட்டேன் என்று நிற்கும். பெருமாளுக்கு நம்மை அனுப்ப மனசு வரவில்லை என்பது மாமியாரின் விளக்கம். எனக்கும் போக மனசுதான் இல்லை, அதற்காக நடுரோட்டிலா நிற்பது?

நாற்பதைத் தாண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்ப்பது, வீட்டில் பெரியவர்களை மேய்ப்பது என்று போகும் வாரத்தில், காவிரிப் பாலத்தில் ஸ்டியரிங் என் கையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கென்று இருந்தது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். பல் வலிக்கிறது என்று டாக்டரிடம் போனதும் வலி ஓடிப்போகுமே, அந்த மாதிரி வண்டி அவரிடம் அவ்வளவு நல்ல பெயர் வாங்கிக்கொண்டது. இருந்தாலும் கிளட்ச் கேபிளை இறுக்கினார், கியர் ஆயிலை மாற்றினார். பிறகு நான் பக்கத்திலேயே நிற்கும்போது என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

“மேடம் கிளட்ச்ச முழுசா மிதிக்கிறாங்களா சார்?”

என் கணவர் என் காலைப் பார்த்தார். மெக்கானிக்கும் பார்த்தார். கோளாறு எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷமே இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் நான் ஆராய்ச்சியில் இறங்கிவிடுவேன். வெயிலில் நின்று சூடாவதால் இருக்குமோ என்று ஒரு நாள் உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி வைத்து ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி விழுந்தது. தூரம் போனால் வருமோ என்று முசிறியில் தோழி வீட்டுக்குப் போய், டிக்கி நிறைய வாழைத்தாரோடு திரும்பினேன். அப்போதும் ஒன்றுமில்லை. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான்: ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பினால் மட்டும் கியர் விழாது. இதைக் காலை டிபனின்போது வாய்விட்டுச் சொன்னது என் தப்பு. என் கணவர் புரையேறும்வரை சிரித்தார். வீட்டு வாசலுக்கு வந்து, நான் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி ஏறினால் கியர் சமர்த்தாக விழுகிறது என்பதை அதனால் நான் சொல்லவே இல்லை.

சிரித்து முடித்ததும் அவர் தீர்ப்பு சொன்னார். இந்தச் சனிக்கிழமை அவரே ஓட்டிக் காட்டுவார். வண்டியில் ஒன்றுமில்லை என்று தெரிந்தபின், இனிமேல் கோயிலுக்கு ஒரு ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்ளலாம். சாவி அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் தோசை கருகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கிளட்ச்சை எப்படி மிதிக்க வேண்டும் என்று வழிநெடுகப் பாடம் நடந்தது. தரிசனம் முடிந்து, புளியோதரைப் பொட்டலத்தோடு மாமியார் முன்சீட்டில் ஏறி, வண்டி கிளம்பியது. அம்மா மண்டபம் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. அவர் சடாரென்று பிரேக் போட்டார். அதற்குப் பிறகு முதல் கியர் விழவில்லை.

தள்ளிப் பார்த்தார். ரிவர்ஸைப் போட்டு மறுபடி தள்ளினார். வண்டி கத்தியது, பின்னால் பஸ் கத்தியது, அவருக்கு வேர்த்துக் கொட்டியது. “வண்டியில பெரிய கோளாறு இருக்கு. கியர்பாக்ஸையே இறக்கிப் பாக்கணும்” என்றார்.

எனக்கு முதலில் அவ்வளவு சந்தோஷம். அடுத்த நொடி அதைவிடக் கோபம். இத்தனை வாரம் என் கால்மேல் இருந்த பழி, அவர் கால் பட்டதும் ஒரே நிமிஷத்தில் கியர்பாக்ஸுக்குப் போய்விட்டதே.

“கிளட்ச்ச முழுசா மிதிச்சீங்களா?” என்று கேட்டேன்.

அவர் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

“மெதுவா மிதி தம்பி. அங்க என் செருப்பு கிடக்கும்” என்றார் மாமியார்.

என் கணவர் குனிந்து, கிளட்ச்சுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் செருப்பை உருவினார். அதன் ஜோடி சீட்டுக்கு அடியில் இருந்தது. விஷயம் இதுதான். கோயில் வாசல் கூட்டத்தில் செருப்பை விட மாமியாருக்கு இஷ்டமில்லை. காரிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பார். வரும்போது பிரசாதம் இருக்கும், அதன் பக்கத்தில் செருப்பு இருக்கலாமா? ஆகவே இறங்கும்போதே டிரைவர் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார். பிரேக் போடப் போட அது முன்னால் நகரும். சில நாள் கிளட்ச்சுக்கு அடியில் போய்ப் படுக்கும், சில நாள் படுக்காது. வீட்டு வாசலில் நான் கேட்டைத் திறக்கும் நேரத்தில், குடையின் வளைந்த பிடியால் தன் பக்கம் இழுத்து மாட்டிக்கொள்வார். இதையெல்லாம் அவர் பெருமையாகவே சொன்னார். நல்லவேளை, பிரேக்குக்கு அடியில் போகவில்லை.

கியர் விழுந்தது. வண்டியை ஓரம்கட்டச் சொன்னேன். இறங்கிப்போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மாமியார் புளியோதரையை மடியில் இறுக்கிக்கொண்டு, செருப்பைப் பின்னால் எடுத்துப் போகச் சொன்னார். ஆபீசில் பத்துப் பேரை அதட்டுகிற மனிதர் ஒரு ஜோடி ரப்பர் செருப்போடு பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று பாலம்வரை காத்திருந்தேன்.

பாலத்தில் ஏறியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“மூணாவது போடு.”

மூன்றாவதில்தான் போய்க்கொண்டிருந்தேன்.