இலவசமாக எடுத்த கறை

திருப்பதியில் வீடு வீடாகப் போய்க் கார்ப்பெட் சுத்தம் செய்வது என் தொழில். சதுர அடிக்கு இவ்வளவு என்றால் எல்லோரும் பேரம் பேசுவார்கள். அதனால் விலை சொல்வதற்கு முன்பே, இருப்பதிலேயே அழுக்கான ஓர் இடத்தை இலவசமாகச் சுத்தம் செய்து காட்டிவிடுவேன். பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு நாள் ஒரு வீட்டில், அந்த வீட்டு அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தார். டிவிக்கு எதிரே, கார்ப்பெட்டில் தலை அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை. மெஷினைப் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் புதிது போல ஆகிவிட்டது.

திரும்பி வந்தவர் சொம்போடு அப்படியே நின்றார்.

"பாருங்கம்மா, மொத்தமும் இப்படி ஆயிடும்," என்றேன் பெருமையாக.

"எங்க வூட்டுக்காரரு டிவி பாத்துக்கினு தல வச்சுப் படுக்கற எடம்பா அது. போன மாசம் போயிட்டாரு. அத்த மட்டும் வுட்டுட்டு மீதிக்கு எவ்ளோன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

அவர் கீழே உட்கார்ந்து அந்த ஈரத்தை உள்ளங்கையால் தடவினார். கையை முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்திருக்கும்.

"மீதியும் பண்ணிடுப்பா. இனிமே இன்னா இருக்குது," என்றார். சொன்ன விலைக்குப் பேரமே பேசவில்லை.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒன்று கேட்கிறேன்: "எந்தக் கறையையாவது அப்படியே வுட்டுடணுமா?"

பலர் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.