தாய் ஊரிலிருந்து நாலு கிலோ உப்பு

சுனாமிக்கு அடுத்து வந்த வைகாசியில் என் மகன் சென்னையில் வீடு வாங்கிக் குடிபோனான். எங்கள் பக்கம் புது வீட்டுக்குள் முதலில் போவது உப்பு. மரக்காணத்தில் எனக்கு ஒன்பது பாத்தி உப்பளம் உண்டு. அந்த உப்பை நானே கொண்டு வருகிறேன் என்று போனில் சொன்னேன்.

"இது மெட்ரோபாலிஸ்ப்பா. இங்க யாரு அதெல்லாம் பாக்கறாங்க? சரி, ஆசையா இருந்தா எடுத்துனு வா."

போனை வைத்துவிட்டு அகராதியைப் புரட்டினேன். முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் நடத்தியும் அந்தச் சொல்லை நான் பிரித்துப் பார்த்ததில்லை. கிரேக்கத்தில் முன்பாதிக்குத் தாய் என்று பொருள், பின்பாதிக்கு நகரம். கடல் தாண்டிப் போய்ப் புது ஊர் கட்டியவர்கள், தாங்கள் விட்டு வந்த ஊரை அப்படி அழைத்திருக்கிறார்கள். புறப்படும்போது அங்கிருந்து நெருப்பு எடுத்துப் போவார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். பிறகு தலைநகருக்கும் பேராயர் இருக்கும் ஊருக்கும் அந்தப் பெயர் போய், கடைசியில் ஜன நெரிசலுக்கு வந்து சேர்ந்தது. எத்தனை லட்சம் பேர் என்ற கணக்கே அதில் முதலில் கிடையாது. அப்படியானால் என் மகனுக்கு அந்தத் தாய் ஊர் மரக்காணம். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

புது வீட்டுக்குப் புது உப்பு என்று, முதல் நாள் மாலை வாரியதில் நாலு கிலோவைத் துணிப்பையில் கட்டினேன். ஈரம் வடிய நாலு நாளாவது ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கௌரவம் விடவில்லை. விடியற்காலை பஸ் கல்பாக்கம் தாண்டுவதற்குள் பை சொட்டியது.

"பெரியவரே, பை ஒழுவுது. இன்னா, நண்டா?" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

"உப்பும்மா."

"உப்பு எங்கனா ஒழுவுமா? உங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க."

வீடு மூன்றாவது மாடி, ஐம்பத்து நாலு படி. நல்ல நேரம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. வாசலில் மருமகள் பையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"டைல்ஸ் கறை ஆயிடும் மாமா. பால்கனில ஒரு பக்கெட்ல வச்சிடலாமா?"

தட்டில் கடை உப்பு பாக்கெட் தயாராக இருந்தது. அதுதான் முதலில் உள்ளே போனது. அதன் பின்னால் நான் போனேன். மூன்று மணி நேரம் இருந்தேன். முழங்கால் வலித்தது. அந்தச் சொல்லைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து மகன் போன் செய்தான். "அந்த உப்புல மீன் கழுவினா நல்லா இருக்குதுப்பா. தீந்துபோச்சு. இன்னொரு பை எடுத்துனு வாயேன்."

"என்னால முடியாதுடா. நீ வந்து எடுத்துனு போ."

"பாக்கறேன்பா."

நன்றாகக் காய்ந்த உப்பாகப் பார்த்து ஒரு பை கட்டி வைத்தேன். பதினோரு வாரம் ஆகிறது.