அத்தை கை காட்டிய நாள்

பத்து வயதில் எனக்கு நன்றாகப் பேசத் தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பித் தொலைத்தேன். தமிழ்ப்பள்ளிகளுக்கான மாவட்டப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியிருந்தேன். அது மலேசியாவின் மெர்லிமாவ் ஊரில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், சாமி படத்தைவிடக் கொஞ்சம் உயரமான இடத்தில் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுப் பேச விடுவார்கள். ஆசிரியை சொல்லிக்கொடுத்த பாடத்தையும் நான் சேர்த்தே ஒப்பிப்பேன். சபையைக் கண்ணால் பார்க்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், கை அளவாக அசைய வேண்டும், சொல்லுக்கு ஏற்றபடி முகம் மாற வேண்டும். வந்தவர்கள் பாவம், ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கோப்பையில் பாதி அத்தைக்குச் சேர வேண்டியது. அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள், பசார் என்கிற சந்தைப் பக்கம் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்குத் திக்குவாய். ஒரு சொல்லின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நிற்பாள். அதனால் வாயால் பேசுவதைக் குறைத்துக்கொண்டு கையால் பேசப் பழகியிருந்தாள். கடைக்கு வரும் சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் அவளிடம்தான் அளவு கொடுப்பார்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், எல்லாம் விரலிலேயே முடிந்துவிடும்.

எனக்கு ஒத்திகை பார்த்தவளும் அவள்தான். போட்டி நடந்த மண்டபத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொள்வாள். நான் வேகமெடுத்தால் உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி வைத்து மெல்ல இறக்குவாள். மெதுவாகப் போ என்று அர்த்தம். குரல் இறங்கினால் விரல்களை மேலே தட்டுவாள். நெஞ்சில் கை வைத்தால் மூச்சு வாங்கிக்கொள் என்று பொருள். பேச்சு எங்கே தடுக்கும் என்பது தடுக்கியவளுக்குத் தெரியாதா? அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நான் பேசி முடித்தேன். சபையை எவ்வளவு அழகாகக் கண்ணால் அளந்தாள் என்று நடுவர் பாராட்டினார்.

அந்த வருடம் அத்தையைப் பெண் பார்க்கச் சுங்கை ரம்பாயிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை. அதற்கு முன்னால் வந்த இடமெல்லாம் அத்தை வாயைத் திறந்ததும் கிளம்பிவிட்ட இடங்கள். இந்த முறை அவர் படம் வந்ததிலிருந்து அத்தை அதைத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்திருந்தாள். நூல் எடுக்கிற சாக்கில் அடிக்கடி இழுப்பறையைத் திறந்தாள். தனக்கென்று ஒரு மயில்நீல ரவிக்கை தைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் தைத்தவள் தனக்காக அவ்வளவு நேரம் உட்கார்ந்து தைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுக்கு இந்த இடம் அமைய வேண்டும் என்று ஆசை இருந்தது. அது எனக்கே தெரிந்தது.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். அத்தை தேநீர் கொடுத்துவிட்டு வந்து உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. யாராவது கேள்வி கேட்டால் நான் பக்கத்திலிருந்து முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை துடுக்காகப் பேசுகிறது என்று சிரித்துவிட்டுப் போவார்கள், திக்கல் விஷயம் கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தால் போதும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள், நாம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே என்று அம்மா தன் மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல அவளுக்கு நேரமாகும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல வாயாடி, எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இவன் வாயத் தொறக்க மாட்டாம்மா. மில்லுல ஒரே சத்தம் லா, அங்க எல்லாம் கைப்பேச்சுதான். அதே பழக்கம் வீட்டுலயும்" என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஆண்பிள்ளை கையால் பேசினால் அது பெருமை.

அத்தை தேநீர் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மா என்ன சமைக்கத் தெரியும் என்று கேட்டார். நான் எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, மீன் குழம்பில் தொடங்கிச் சம்பால் வரைக்கும் சொன்னேன். எங்கே வேலை, எத்தனை வருடமாக என்று கேட்டார். அதையும் சொன்னேன், கை அசைவோடு. பாப்பா வெளுத்து வாங்குது என்றார் அவர். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் பேச்சை நானே ரசித்துக்கொண்டிருந்ததில், பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்ச நேரம் நான் பார்க்கவில்லை.

பார்த்தபோது, மாப்பிள்ளை தன் தேநீர்க் கோப்பையைக் காட்டி, யார் போட்டது என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். அத்தை ஒரு விரலால் தன்னைத் தொட்டுக் காட்டினாள். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கி, சீனி கொஞ்சம் தூக்கல் என்றார். அத்தை சிரித்துவிட்டாள். வெளியாள் முன்னால் அவள் பல் தெரியச் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு அவர் தன் உதட்டைத் தொட்டு, உள்ளங்கையை விரித்தார். நீங்கள் பேசவே இல்லையே என்று கேட்டார் போலும். அத்தை ஒருமுறை அப்பா இருந்த பக்கம் பார்த்தாள். அப்புறம் கையைத் தொண்டையில் வைத்து, வெளியே கொண்டுவந்து, வழியில் எதிலோ முட்டி நிற்பதுபோல இரண்டு மூன்று முறை நிறுத்திக் காட்டினாள்.

நாங்கள் வீடே சேர்ந்து மறைத்ததை அவள் சொல்லிவிட்டாள். அவர் முகம் மாறவில்லை. உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி வைத்து, மெல்ல இறக்கினார். மெதுவாக வரட்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என் சைகை. எனக்கும் அத்தைக்கும் மட்டும் சொந்தமானது என்று நான் நினைத்திருந்தது. யாரோ ஒருவர் அதைச் செய்கிறார், அத்தையும் தலையாட்டுகிறாள். கூடவே வெட்கமாகவும் இருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு பெண் ஆம்பளையிடம் இப்படிக் கையை ஆட்டலாமா என்று, பெரிய மனுஷி மாதிரி எனக்குக் கூசியது. மேடையில் பேசுகிற அதே குரலில், சபையைக் கண்ணால் பார்த்தபடி நான் சொன்னேன்:

"அப்பா, அத்தை அவங்களுக்குக் கை காட்டுது."

அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் முதன்முறையாக என்னை விட்டுவிட்டு அத்தையை நேராகப் பார்த்தார்.

"என்னம்மா கையில பேசுற? வந்ததுலேருந்து இந்தப் பிள்ளதான் பேசுது. நீ வாயத் தொறந்து சொல்லேன், கேப்போம்."

அப்பா என்னைப் பார்த்தார், முந்திக்கொள் என்று. போட்டிக் கோப்பை வாங்கிய எனக்கு ஒரு சொல்கூட வரவில்லை. அத்தை வாயைத் திறந்தாள். "ந... ந..." என்று நின்றுபோனாள். கழுத்து நரம்பு புடைத்தது. மாப்பிள்ளையின் உள்ளங்கை மறுபடி மெல்ல இறங்கியதைப் பார்த்தேன். அவர் அம்மாவும் பார்த்தார். சொல் வருவதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார், மிக மரியாதையாக. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வாசல் கேட் அருகே மாப்பிள்ளை திரும்பினார். கை பாதி எழும்பியது. காரிலிருந்து அவர் அம்மா கூப்பிட்டார். எழும்பிய கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அத்தையைத்தான் திட்டினார். கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையா, இருந்ததையும் கெடுத்துக்கொண்டாயே என்றார். அத்தை கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மயில்நீல ரவிக்கை அதற்கப்புறம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. நானும் அவளுக்காக வெட்கப்பட்டேன். மறுநாள் பள்ளியில், எங்கள் தெருக் கடைக்காரர் மகள் எங்கள் அத்தை ஆம்பளைக்குக் கை காட்டியது உண்மையா என்று கேட்டபோது, தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இப்போது நினைக்கும்போது, அதுதான் கூனிக் குறுக வைக்கிறது.

அடுத்த மாதம் மாநிலப் போட்டி, மலாக்காவில். அத்தை லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். நான் தொடங்கினேன், வேகமெடுத்தேன். பின்னால் பார்த்தேன். அத்தையின் இரண்டு கைகளும் அவள் கைப்பையின் வாரை இறுகப் பிடித்திருந்தன. மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தன. மூச்சு முட்டி, நடுவில் ஒரு பத்தியையே விழுங்கிவிட்டு, எப்படியோ முடித்தேன். மூன்றாவது பரிசு கிடைத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "அத்தை, இன்னிக்கு ஏன் நீ கையே காட்டல?"

அவளுக்கு நேரமாயிற்று. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. மடியில் கைகள் அசையாமல் இருந்தன.

"நீ... நீதான் நல்லா பேசுறியே, பாப்பா. என் கை எ... எதுக்கு?"

மூன்றாவது பரிசுக்கு அத்தையே பாராட்டிவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மெர்லிமாவ் வரும்வரை, சன்னலோரத்தில் உட்கார்ந்து அவளிடம் பேசிக்கொண்டே வந்தேன்.