கிறகோரியின் குணுக்கு

குருநகர்க் கரையில், பூவரச மரத்தடியில், பகல் முழுக்கச் சீட்டுக் கடதாசி விளையாடிய நாலு பேரில் வாயாலும் விளையாடியவர் கிறகோரி ஒருவர்தான். யுத்தத்தால் கடலில் இறங்கத் தடை வந்து வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. கிழிசல் பொத்துவதற்கு வலையும் இல்லை. காலையில் கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு வந்தால் அவருக்கு முன்னூற்றுநாலு என்ற அந்தக் கடதாசி ஆட்டம்தான் தொழில்.

கடதாசியைக் கலைத்துப் போடுகிற நேரத்துக்குள் அவரிடமிருந்து மூன்று தீர்ப்பாவது வந்துவிடும். யாரோ வீட்டில் ஜெனரேற்றர் வைத்துப் படம் போட்டிருப்பார்கள். மறுநாள் அந்தப் படம் மரத்தடியில் கிழிபடும். பனி மலையில் பாட்டுப் பாடுகிற கதாநாயகன் கழுத்துவரை கோட்டுப் போட்டிருக்கிறான், பக்கத்தில் அந்தப் பெட்டை மெல்லிய சீலையோடு நடுங்குகிறாள், காதல் இருந்தால் முதலில் கோட்டைக் கழற்றிக் கொடுக்கமாட்டானா என்று கேட்பார். தபசுகால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை ஒறுத்துக் கணவாய்ப் பிரட்டல் சாப்பிடுவது ஒறுத்தலே இல்லை என்பது இன்னொரு தீர்ப்பு. கடற்கரை ஆட்களை ஆண்டவர் அந்த விஷயத்தில் செல்லமாக வளர்த்துவிட்டார் என்று பங்குச் சுவாமியிடமே சொல்லியிருக்கிறார். சுவாமி சிரித்தாராம், ஆனால் மறுத்துப் பேசவில்லையாம்.

பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழைப் பற்றி அவருக்கு இருந்தது அபிப்பிராயம் அல்ல, வேதம். கூழுக்குள் கிடக்கும் நண்டின் பெரிய கால் அன்றைக்கு விளையாட்டில் வென்றவனுக்கு. தோற்று வந்த நாட்களில் அதைத் தொடமாட்டார், மகள் யசிந்தாவின் கோப்பையில் போட்டுவிடுவார். தோற்று வந்ததை அவர் சொல்லவும் தேவையில்லை, காதிலேயே தெரியும். பூவரசங் காம்பைப் பிளந்து காதில் கொழுவினால் அதுதான் குணுக்கு. தோற்ற சோடி அதைப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், அடுத்து வெல்லும்வரைக்கும் கழற்ற முடியாது.

அவர் பொறுக்காத ஒன்று சாடை. கையில் என்ன இருக்கிறது என்று கூட்டாளிக்குக் கண்ணாலோ இருமலாலோ காட்டிக்கொடுக்கிற வேலை. ஒருமுறை அவருடைய கூட்டாளி நீக்கிலாப்பிள்ளை மீசையைத் தடவி, துரும்புக் கடதாசி எதுவென்று காட்டிவிட்டார். ஆட்டத்தை வென்றுவிட்டார்கள். ஆனால் கிறகோரி எழும்பிப் போய்க் காம்பை முறித்து, வென்ற தன் காதிலேயே குணுக்கைக் கொழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். காசு வைக்காமல் விளையாடுவது பாவமில்லை, சாடை மட்டும் சாவான பாவம் என்பது அவருடைய ஞானோபதேசம். நீக்கிலாப்பிள்ளை கிழமைக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்ட மனுசன் வீட்டுக்குத்தான் யசிந்தாவைப் பார்க்க மாப்பிள்ளை பகுதி வந்தது. பாசையூரில் சைக்கிள் திருத்தும் பெடியன். கோயில் பெருநாளில் அவளைக் கண்டு, தானே கேட்டு அனுப்பியவன். யசிந்தாவுக்கும் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கரி அயன்பெட்டியைச் சூடாக்கி ஒரே சட்டையை இரண்டுமுறை தேய்த்தாள். ஏற்கெனவே வந்த சம்பந்தங்கள் எல்லாம் வயதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவை. அதனால் சம்பந்தம் பேசிய சின்னத்தங்கம் இம்முறை மூன்று வயதைக் குறைத்து, இருபத்தாறு என்று சொல்லி வைத்திருந்தாள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது தீவுப் பக்கக் கோயிலில், அந்தப் பக்கத்து ஆட்கள் இடம்பெயர்ந்துவிட்டார்கள், பிறந்த திகதி எழுதிய கோயில் புத்தகங்களும் எங்கெங்கோ போய்விட்டன, இனி யார் தேடப் போகிறார்கள் என்று மனைவி பெர்னடெட் சொன்னாள். கிறகோரி தலையாட்டினார். பெற்ற வயிறு படுகிற பாட்டைப் பார்த்தால் கல்லும் தலையாட்டும்.

மாப்பிள்ளையின் தகப்பன் யாகப்பு அமைதியான ஆள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கடல் கதை, வெயில் கதை எல்லாம் கதைத்தபின், பிள்ளைக்கு இருபத்தாறு என்று சொன்னார்கள், சரிதானே என்று சாதாரணமாகக் கேட்டார்.

கிறகோரி வாயைத் திறந்தவர், பெர்னடெட்டைப் பார்த்தார். அவள் புருவத்தைச் சொறிந்தாள். பிறகு மெல்ல ஒரு இருமல்.

முப்பது வருசமாகப் பூவரச மரத்தடியில் அவர் ஏசித் தீர்த்த அதே இருமல். அவளுக்குக் கடதாசி பிடிக்கவே தெரியாது, பாவம். கதவுக்குப் பின்னால் யசிந்தாவின் சட்டை நுனி தெரிந்தது. ஓம் என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லுக்காகக் கிறகோரி தவித்த தவிப்பை மரத்தடியில் யாரும் கண்டதில்லை.

"இருபத்தொன்பது," என்றார். "வாற மாரிக்கு முப்பது. குறைச்சுச் சொன்னது எங்கடை பிழை. பிள்ளையின்ரை இல்லை."

யாகப்பு கோப்பையைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்லுகிறோம் என்று சொல்லிவிட்டு எழும்பினார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த கிழமை சின்னத்தங்கம் வந்து படலையில் நின்றபடியே இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

பெர்னடெட் கிறகோரியோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். யசிந்தா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவள் கண் வீங்கியிருந்ததை அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். கிறகோரி மரத்தடிக்குப் போனார், ஆனால் விளையாடக் குந்தவில்லை. ஒரு காம்பை முறித்தார், பிளந்தார், காதில் கொழுவிக்கொண்டார். விளையாடாமலே குணுக்கா என்று நீக்கிலாப்பிள்ளை கேட்டார். அன்றைக்கு எந்தப் படத்தைப் பற்றியும் தீர்ப்பு இல்லை. குணுக்கோடேயே வீட்டுக்கு வந்து, குசினி வாசலில் குந்தினார்.

உள்ளே கூழ் காய்ச்சியிருந்தது. பயத்தங்காய் போடவில்லை. வேறொரு நாளென்றால் அதற்கே ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். யசிந்தா கோப்பையை நீட்டியபோது பெரிய நண்டுக்கால் மேலேயே கிடந்தது. அவர் வழக்கம்போல அதை எடுத்து அவளுடைய கோப்பையில் போடக் கையை நீட்டினார்.

அவள் கோப்பையை அப்பால் இழுத்துக்கொண்டாள். குனிந்து, அவர் காதிலிருந்த காம்பைக் கழற்றி அடுப்புக்குள் போட்டாள்.

"வாழப்போற வீட்டிலை நான் ஒவ்வொரு பிறந்தநாளும் மூண்டு வருசத்தை ஒளிச்சுக்கொண்டு இருக்கேலாது, அப்பா," என்றாள். குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது. "உதைத் தோத்தவைதான் போடுறது. நீங்கள் நண்டைச் சாப்பிடுங்கோ."

எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வைத்திருந்த மனுசன் நண்டுக்காலைக் கடித்தார். கூழில் உப்புக் கூடிவிட்டது என்று பெர்னடெட் அடுப்படியிலிருந்து சொன்னாள். ஒரு கிழமைக்குப் பிறகு அவள் அவரோடு கதைத்த முதல் கதை அது. இல்லை, அளவாத்தான் இருக்கு என்று கிறகோரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.